வளையல் கொடுத்த லீவு

“...கை கொள்ளாம கண்ணாடி வளையலப் போட்டு அனுப்பி வெச்சது நானு. அந்தக் கையோட மறுநாள் எப்படிங்க அவ மிஷின்கிட்ட வந்து நிப்பா?”

கனகம்மாள் இதைக் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. காபி டம்ளர்கள் இருந்த தட்டைப் பிடித்தபடி, குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பதுபோலத்தான் கணவரைக் கேட்டார். இடம், பெரிய காஞ்சிபுரத்துப் பட்டு முறுக்கு ஷெட்டின் ஆபீஸ் அறை. நாற்காலியில் முதலாளி, எதிரே நின்றபடி அம்சா, அவளுக்குத் துணையாக நான். அம்சாவின் இடுப்பில் இருந்த பாப்பா ‘ங்கா’ என்று தன் அபிப்பிராயத்தைச் சொன்னது.

இது நடந்தது போன வியாழக்கிழமை. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அம்சா எங்கள் சின்ன காஞ்சிபுரத்துத் தெருப் பெண். பிறந்த வீடு தென்னேரி. புருஷன் தறி நெய்கிறவர். மாமியார் நாள் முழுக்க மகனுக்குத் தறியில் கையாள். இவள் கல்யாணமாகி வந்த மாசத்திலிருந்தே முறுக்கு ஷெட்டுக்குப் போகிறாள்.

முறுக்கு ஷெட் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கச்சாப் பட்டு சிட்டம் சிட்டமாக, அதாவது நூல் கட்டுகளாக வரும். அதைப் பாபினில் சுற்றி, இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றினால்தான் தறிக்கு ஆகும். சுற்றுகிற மிஷின் முன்னால் நிற்பவர்கள் எல்லாம் பெண்கள். இழை இருக்கிறதா, இல்லையா என்றே நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். அறுந்த நொடியில் பிடித்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. கண்ணாடி வளையலோடு யாரும் மிஷின் பக்கம் போகக் கூடாது. கண்ணாடி வளையலில் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று இருக்குமே... அந்தத் துளி மேடு நம் கைக்குத் தெரியாது, பட்டுக்குத் தெரியும். மாட்டினால் அறுந்தது. வளையல் உடைந்து சில்லு விழுந்தால் சிட்டமே போச்சு. அதற்காகச் சுமங்கலிப் பெண்கள் வெறுங்கையோடு நிற்பார்களா? ஆகவே எல்லோருக்கும் ரப்பர் வளையல். பொங்கலுக்குப் பொங்கல் முதலாளியே வாங்கித் தருவார். எங்கள் தெருவில் ஒரு பெண் ரப்பர் வளையலோடு நடந்தால், “இன்னாமா, ஷெட்டுக்கா?” என்றுதான் கேட்பார்கள்.

அம்சாவுக்குத் தலைச்சன் பிள்ளை உண்டாயிற்று. ஏழாம் மாசம் வளைகாப்பு வைத்தார்கள். அம்சாவும் அவள் மாமியாரும் ஷெட்டுக்குப் போய், அந்த ஆபீஸ் அறையிலேயே முதலாளிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். பின்கட்டில்தான் முதலாளி வீடு. அங்கே போய்க் கனகம்மாளுக்கும் மஞ்சள் குங்குமம் கொடுத்து அழைத்தார்கள்.

கனகம்மாள் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். பெரிய இடத்து அம்மாள் நம் சந்துக்குள் வருகிறாரே என்று பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்க, அவர் பாட்டுக்கு மனைப்பலகைப் பக்கம் பாயில் உட்கார்ந்து அம்சாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முதல் வளையலை அவர்தான் போட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் முதல் வளையலோடு நிறுத்தவில்லை. இரண்டு கையும் நிறைகிற வரைக்கும் போட்டார். போட்டு முடித்துவிட்டு, “இனிமே மிஷின் பக்கம் வராத. போய் நல்லபடியா பெத்துக்கினு, அஞ்சாம் மாசம் கொழந்தயத் தூக்கிக்கினு வா. உன் மிஷின் எங்க போயிடப் போவுது” என்றார்.

புளிச்சாதம் ரொம்ப நன்றாக இருந்தது. இது விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மறுநாளே அம்சாவை வாலாஜாபாத் பஸ்ஸில் ஏற்றித் தென்னேரிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பெண் குழந்தை. ஐந்தாம் மாசம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் வந்து இறங்கினாள். இரண்டு நாள் கழித்து, பழையபடி ரப்பர் வளையலை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

அவள் மிஷினில் வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி அன்றைக்கு அதிகம் பேசவில்லையாம். நீயாகத்தானே நின்றுவிட்டாய், எழுதிக்கொடுத்துவிட்டா போனாய், இப்போது இடம் இல்லை என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாராம். அம்சா திரும்பி வந்து, எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“வெத்தல பாக்கு வெச்சி, நேருக்கு நேரா நின்னு சொன்னேன். அதுக்கு மேல ஒருத்தருக்கு எப்படிக்கா சொல்றது?”

நியாயமான கேள்விதானே? எங்கள் ஊரில் காகிதம் என்பது முன்பின் தெரியாதவர்களுக்கு. மரியாதைப்பட்டவர்களுக்கு வெற்றிலை பாக்கு. முதலாளியிடம் போய் ஒரு பெண் காகிதத்தை நீட்டினால், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். அம்சா மரியாதையாகத் தகவல் சொன்னாள். அது தகவலே இல்லை என்று இப்போது தெரிகிறது.

இந்த வேலை அவளுக்கு ரொம்ப முக்கியம். தறியில் ஏற்றப் பாவு நூல் இல்லாத மாசங்கள் உண்டு. அந்த மாசங்களில் அந்த வீட்டு அடுப்பு இவள் கையை நம்பித்தான் எரிகிறது. அது மட்டுமில்லை. “நான் நிக்கற எடம் அதுக்கா” என்றாள். மிஷினைப் பற்றி அப்படிச் சொன்னாள். வீட்டில் மாமியார் இடம், புருஷன் தறி, கொழுந்தன் மூலை என்று எல்லாம் பங்காகி இருக்கிறபோது, இவள் நிற்கிற இடம் என்று உலகத்தில் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

பிள்ளை பெறப் போகிற தொழிலாளிப் பெண்களுக்குச் சட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேப்பர் படிக்கிறவள் இல்லையா? பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூட விடாமல் படிக்கிறவள். ஆனால் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையை நம்பி, “வா, நான் வரேன். கெஞ்சாதே, கேள். இது அவர் தயவு இல்லை, உன் பாத்தியதை” என்று வீறாப்பாகச் சொன்னேன்.

“கேக்கறதுக்கும் கெஞ்சறதுக்கும் எனக்கு ஒரே வாய்தானேக்கா” என்றாள் அம்சா.

டவுன் பஸ் ஏறினோம்.

எங்கள் ஊரில் சிடுசிடுப்பவர்களை ‘முறுக்கு ஜாஸ்தி’ என்பார்கள். இந்த முதலாளி அப்படிப்பட்டவர் இல்லை. “வாங்கம்மா, உக்காருங்க” என்று எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். அறையின் நடு உத்தரத்தில் ஒரு கொக்கி. அதில் ஒரு பித்தளைத் தராசு. வருகிற பட்டும் போகிற பட்டும் அதில் நிறுக்காமல் வாசல் தாண்டாது. வேறு யாரையும் அவர் தொட விடுவதில்லை. தட்டில் ஈ உட்கார்ந்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஷெட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

நான் சட்டம் என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைத் தூக்கினார். அதன் கீழே, அதே ஆணியில், பழுப்பேறிப் போன அச்சுத் தாள் ஒன்று – பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், அறுபத்தொன்றில் வந்த அந்தச் சட்டத்தின் சுருக்கம், தமிழில். தொழிலாளர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. மாட்டித்தான் இருந்தது. அதன் மேல் நாள்காட்டியும் மாட்டியிருந்தது... அவ்வளவுதான்.

“படிங்கம்மா. நீங்களே படிங்க” என்றார்.

படித்தேன். எழுதிக்கொடுக்கத் தவறினாலும் உரிமை போய்விடாது என்று இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சரி, நோட்டீஸ விட்டுடலாம். அதுக்கு மேல படிங்க. பிரசவத்துக்கு முன்னால ஆறு வாரம், பின்னால ஆறு வாரம். நான் சொல்லலீங்க, கவர்மென்ட் சொல்லுது. இவ ஏழாம் மாசமே கெளம்பிட்டா. வந்தது அஞ்சாம் மாசம். மிச்சமெல்லாம் எந்த லீவுங்க?”

சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்தச் சட்டத்தாலேயே வாயடைத்துப் போனேன். சட்டம் செய்தவர்கள் வாரத்தால் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாம் பிள்ளைப்பேற்றை மாசத்தால் எண்ணுகிறவர்கள். ஏழு, ஒன்பது, ஐந்து என்று ஒற்றைப்படை மாசமாகப் பார்த்து எண்ணுகிறவர்கள். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. நடுவில் அம்சா நிற்கிறாள்.

அவள்தான் பேசினாள். ரொம்ப மெதுவாக. “இழ அறுந்தா சிட்டத்தயே தூக்கிப் போட்டுர்றோமா மொதலாளி? முடிச்சு போட்டுத்தானே ஓட்டறோம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு கனகம்மாள் காபியோடு வந்தார். கடைசியில் பேசியதை எல்லாம் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டிருக்க வேண்டும். யார் என்ன என்று விசாரிக்கவில்லை. நேராகக் கணவரிடம், ஷெட்டில் கண்ணாடி வளையல் கூடாது என்று சட்டம் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் அவர். வளைகாப்புக்கு என்னைப் போய்வரச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி. அதுவும் அவர்தான். அப்போதுதான் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வி வந்தது. கை கொள்ளாமல் போட்டு அனுப்பியது நான். அந்தக் கையோடு எப்படி வருவாள்?

“அது சாஸ்திரத்துக்குப் போட்டது” என்றார் முதலாளி.

“சாஸ்திரத்துக்குப் போட்டத, பிள்ள பெக்கறதுக்கு முன்னாடியே கழட்டிட்டு வான்னு சொல்லியிருப்பீங்களா?”

எப்படிச் சொல்வார்? எந்தக் கல்நெஞ்சன் சொல்வான்? வளைகாப்பு வளையலைப் பிரசவ வலி எடுக்கிற வரை யாரும் கழற்றுவதில்லை. கழற்றாமல் ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அப்படியென்றால், அன்றைக்கு அந்தப் பாயில் உட்கார்ந்து லீவு கொடுத்தது யார்? முதலாளியின் வீட்டம்மாள். ஐந்தாம் மாசம் வா என்று தவணை சொன்னதும் அவர்தான்.

“நான் சொன்ன வார்த்தைங்க அது” என்றார் கனகம்மாள். அப்புறம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர்கள் வீட்டுப் பேச்சு அது. எனக்குத் தெலுங்கு அரைகுறை. ‘மன பில்ல’ என்பது மட்டும் காதில் விழுந்தது – நம் வீட்டுப் பெண். அவர்களுக்கு ஒரு மகள் உண்டு. திருத்தணிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் அவளையும் பிரசவத்துக்கு ஏழாம் மாசத்தில்தான் அழைத்து வந்தார்கள்.

முதலாளி வெகு நேரம் காபியை ஆற்றினார். பிறகு அம்சாவிடம், திங்கட்கிழமையிலிருந்து வா, கடைசி மிஷின் சும்மாத்தான் நிற்கிறது, புதிதாக வந்த பெண்ணும் இருக்கட்டும் என்றார். சட்டம் சொல்கிற வாரங்களுக்கு உண்டான சம்பளம் வந்துவிடும், வளையல் வாரங்களுக்குக் கிடையாது என்றும் சொன்னார். கணக்குச் சுத்தம்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்கிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துப் பார்த்தேன். வளைகாப்பு என்று ஒன்றை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் சாமர்த்தியசாலிகள். கை நிறையக் கண்ணாடி வளையல் போட்ட பெண்ணை உரல் பக்கம் கூப்பிட முடியுமா? தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்ல முடியுமா? வளையல் உடைந்தால் அபசகுனம் என்று மாமியாரே பதறுவாள். எந்த அரசாங்கமும் கொடுக்காத லீவை, அந்த நாளில் வளையல்காரர் கொடுத்திருக்கிறார்!

அப்படியானால் சட்டம் எதற்கு? வளையல் போதாதா?

போதாது. வளையல் தலைச்சனுக்குத்தான். இரண்டாவது பிள்ளைக்கு யார் வளைகாப்பு வைக்கிறார்கள்? மூன்றாவதுக்கு? தாய் இல்லாதவளை எந்த ஊருக்கு அழைத்துப் போவார்கள்? அந்தப் பழுப்பேறிய தாள் இது எத்தனையாவது பிள்ளை என்று கேட்கவில்லை. பிறந்த வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லை. வேலை செய்தாயா என்று மட்டும் கேட்கிறது. அதுதான் சட்டத்தின் அழகு. அதற்கு நம்மைத் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறது.

ஆனால் அந்தத் தாளிலும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு, குடிசைக்குக் குடிசை, முதலாளி கொடுத்தனுப்பும் பட்டை வீட்டிலேயே சுற்றுகிற பெண்கள். அவர்கள் வேலை செய்கிற இடம் ஷெட் இல்லையாம். ஆகவே சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது. பிரசவத்துக்கு முதல் நாள் வரை சுற்றுவார்கள். தீட்டுக் கழிக்கிற புண்ணியாகவாசனம் முடிந்ததும் மறுபடி சுற்றுவார்கள். அவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்? எந்தத் தாளில்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அம்சாவுக்கு ஒரு கனகம்மாள் கிடைத்தார். எல்லா ஷெட்டின் பின்கட்டிலும் ஒரு கனகம்மாள் இருப்பாரா? இருந்தாலும், காபி கொண்டுவருகிற நேரம் பார்த்துத்தான் நாம் நியாயம் கேட்கப் போக வேண்டுமா? சட்டம் இன்னும் கொஞ்சம் நம் ஊர்க் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும். நாமும் அந்த நாள்காட்டியைக் கொஞ்சம் தள்ளி மாட்ட வேண்டும்.

சரி, ஆபீஸ் அறைக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் விஷயம் முழுதாக முடியவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்ற தெம்பில் நான் தாளின் அடிப்பக்கத்தையும் படித்தேன். கைக்குழந்தைக்காரிக்கு, குழந்தைக்குப் பதினைந்து மாசம் ஆகிற வரைக்கும், தினம் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்று இருந்தது. படித்துக் காட்டினேன்.

முதலாளி மறுக்கவில்லை. “தாராளமா குடுக்கட்டும். கொழந்த சின்ன காஞ்சிபுரத்துல, இவ இங்க. டவுன் பஸ் புடிச்சி போய்ட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். பாப்பாவத் தூக்கிக்கினு வர்றதுக்கு ஆள் போடணும்னு அதுல எழுதியிருக்குதா பாருங்கம்மா” என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. பெண்கள் நிறைய வேலை செய்கிற பெரிய ஃபாக்டரிகளில் குழந்தைக்கென்று தனி அறையே உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தச் சின்ன ஷெட்டுக்கு அந்த விதி வராது. சட்டம் பால் கொடுக்க நேரம் கொடுக்கிறது. பாலைக் குடிக்க வேண்டியவள் ஊரின் அந்தக் கோடியில் தூளியில் அழுதுகொண்டிருந்தால், அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அம்சா என்ன செய்வாள்? வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாளா?

அம்சாவுக்கும் புரிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, இடமும் கிடைத்து, அந்த இடத்தில் நிற்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

“புட்டிப் பால் பழக்கிடறேன் மொதலாளி” என்றாள். சொல்லும்போதே அவள் கை பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

கனகம்மாள் காபித் தட்டை மேஜையில் வைத்தார். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்து நடு அறையில் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏறினார். உத்தரத்துக் கொக்கியிலிருந்து பித்தளைத் தராசைக் கழற்றி, கீழே நின்ற கணவரின் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார், வாங்கிய பிறகுதான், “ஏய், பட்ட எங்க நிறுக்கறது?” என்று கேட்டார். அதற்குள் கனகம்மாள் பின்கட்டுக்குப் போய்ப் பழைய நூல் புடவை ஒன்றோடு திரும்பிவிட்டார். மறுபடி ஸ்டூலில் ஏறிக் கொக்கியில் கோத்தார், தூளியாக முடிந்தார், முடிச்சைப் பிடித்துத் தன் பாரத்தை எல்லாம் போட்டு இழுத்துப் பார்த்தார்.

இறங்கி வந்து, அம்சாவின் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார் – பாப்பாவைக் கொடு என்று.